மாசாமாசம் ஸ்ப்ரே அடிச்சும் ஹோட்டல் கிச்சன்ல கரப்பான் குறையல, மேல எலி வேற. என்ன பண்றது?

ஈரோடு_டிபன்

வணக்கம்ங்க. 45 பேர் உட்கார்ற சைவ டிபன் ஹோட்டல். பழைய கட்டடம். ஒரு பக்கச் சுவர் பேக்கரிக்கும் எங்களுக்கும் பொது, பின்னாடி சாக்கடைச் சேம்பரும் பொது. காலைல 6 மணிக்கு முதல் இட்லி இறங்கும், ராத்திரி 11 மணிக்கு ஷட்டர்.

பெஸ்ட் கன்ட்ரோல்காரங்க மாசம் ஒரு ராத்திரி வந்து கிச்சன் முழுக்க ஸ்ப்ரே அடிச்சுட்டுப் போறாங்க. அடுத்த நாள் காலைல செத்த கரப்பானை முறத்துல அள்ளலாம். ஆனா பத்து நாள்ல பழையபடி ஆயிருது. இப்ப கல்லா மேசை, சாப்பிடற ஹால் வரைக்கும் வந்துருச்சு. மாவு வெக்கற ஃப்ரிட்ஜ் ரப்பர் மடிப்புல சின்னது கூட்டமா இருக்கு. கை கழுவற இடத்துல பெரிய சைஸ் ஒண்ணு ரெண்டு வரும்.

இதுபோக ஃபால்ஸ் சீலிங் மேல ராத்திரி எலி ஓடற சத்தம். பாத்திரம் கழுவற சிங்க் பக்கம் குட்டிக் குட்டியா ஈ. பல்லி எப்ப எந்த அண்டாவுல விழும்னு மாஸ்டருக்கு பயம்.

ஸ்ப்ரேயை மாசம் ரெண்டு தடவையா மாத்திரலாமாங்க? எலிக்கு கேக் வாங்கி சீலிங் மேல வெச்சா சரியாகுமா? கடையை நாலஞ்சு நாள் அடைச்சுப் போட வழியில்லைங்க, அதையும் மனசுல வெச்சுச் சொல்லுங்க.

---

கிச்சன்_டார்ச்

இரண்டு தடவையாக மாற்ற வேண்டாம். இருக்கிற ஒன்றையும் நிறுத்துங்கள். கரப்பான் ஹாலுக்கு வந்ததற்கு அந்த ஸ்ப்ரேதான் முதல் சந்தேகம்.

உங்களிடம் இருப்பது இரண்டு வகை. ஃப்ரிட்ஜ் ரப்பரில் இருப்பது ஜெர்மன் கரப்பான். வளர்ந்தாலும் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் இணையாக ஓடும். கை கழுவும் இடத்தில் வருவது அமெரிக்கக் கரப்பான், செம்பழுப்பு, மூன்றரை நான்கு சென்டிமீட்டர். பெரியது சாக்கடையில் குடியிருந்து இரை தேடி உள்ளே வருகிறது, வழியை அடைத்தால் தீர்ந்தது. சின்னது உங்கள் கிச்சனுக்குள்ளேயே பிறந்து, பெருகி, அங்கேயே சாகிறது. கஷ்டம் முழுக்க இதனிடம்தான்.

ஸ்ப்ரேயில் வழக்கமாக இருப்பது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரி பைரித்ராய்டு மருந்து. ஜெர்மன் கரப்பானுக்கு இந்த வகை மருந்து உலகம் முழுக்கப் பழகிப் போய்விட்டது. சாகாதது அந்த நெடிக்கு விலகி ஓடும். கிச்சனில் அடித்தால் ஹாலுக்கும் கல்லாவுக்கும் பேக்கரிச் சுவருக்கும் போகும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுவரில் மருந்து நிற்பதும் இல்லை. மறுநாள் தேய்த்துக் கழுவினால் மிச்சமும் போய்விடும். முட்டை விஷயம் இதைவிட மோசம். பெண் கரப்பான் முட்டைப்பையை வயிற்று நுனியிலேயே சுமந்து திரிந்து, பொரிக்கும் தறுவாயில்தான் விடும். ஒரு பைக்கு 30 முதல் 40 குஞ்சு. மருந்து அந்தப் பைக்குள் இறங்காது. அடுப்படிச் சூட்டில் அந்தக் குஞ்சு வளர்ந்து தானும் முட்டை சுமக்க இரண்டு மாதம் போதும். நீங்கள் முறத்தில் அள்ளியது வெளியே திரிந்தவை. பொந்துக்குள் இருந்தவை அப்படியே இருக்கின்றன.

இதற்கு ஜெல்தான் சரி, அதாவது கரப்பான் தின்று சாக வைக்கும் பசை மாதிரியான விஷத் தீனி. ஆனால் ஜெல் வாங்கி நாலு மூலையில் பிதுக்கினால் ஒன்றும் நடக்காது. முதலில் பொந்து எங்கே என்று தெரிய வேண்டும்.

கரப்பானுக்கென்று விற்கும் ஒட்டு அட்டை 15 வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் எண் எழுதி, சுவரும் தரையும் சேரும் ஓரத்தை ஒட்டி வையுங்கள். ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், கிரைண்டர் அடியில், சிங்க் அடியில், அடுப்புக்குப் பின்னால், ஸ்டோர் வாசல், கல்லா மேசைக்குள் என்று பரவலாக இருக்கட்டும். மூன்று இரவு கழித்து எண்ணி எழுதுங்கள். குட்டிகள் நிறைய ஒட்டிய அட்டைக்கு மிக அருகில் பொந்து இருக்கிறது, ஏனென்றால் குட்டி தூரம் போகாது. எல்லாம் வளர்ந்தவையாக ஒட்டியிருந்தால் அது வெறும் நடைபாதை. நடு ராத்திரி விளக்கை அணைத்து அரை மணி நேரம் விட்டு டார்ச்சோடு போனால் மீதியும் தெரிந்துவிடும். மிளகுத்தூள் தூவினாற்போல் கரும்புள்ளிகள் இருந்தால் அது அதன் கழிவு.

ஹோட்டல்களில் வழக்கமாகக் கோட்டை விடும் இடங்களைச் சொல்கிறேன். ஸ்டீல் மேசையின் கால்கள் உள்ளே வெறும் குழாய், அடியில் மூடி கழன்றிருக்கும். மேசைப் பலகையின் அடியில் தகடு மடிந்த பள்ளம். ஃப்ரிட்ஜின் கதவுக் கீல், கம்ப்ரசர் அறை, அங்கே தண்ணீர் வடியும் தட்டு. மிக்ஸியின் அடிப்பாகம். ஸ்விட்ச் பாக்ஸ். பில் மிஷின். கல்லாவுக்கு மேலே மாட்டிய சாமி படத்தின் பின்பக்க அட்டை, போன வருஷக் காலண்டர் (இதை யாரும் கழற்றிப் பார்ப்பதே இல்லை). குட்டிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் இடுக்கு போதும் என்பதை நினைவில் வையுங்கள்.

இடம் தெரிந்ததும் பிசுக்கை எடுங்கள். அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்க் கசடும் கீழே சிந்திய மாவும் இருக்கும்வரை கரப்பான் ஜெல்லைத் திரும்பிப் பார்க்காது. சூடான சோப்புத் தண்ணீர், சுரண்டும் தகடு, பிறகு உலர்ந்த துணி. கூட்டமாக இருக்கும் இடுக்குகளில் வேக்குவம் கிளீனரின் மெல்லிய மூக்கை வைத்து உறிஞ்சினால் ஒரே ராத்திரியில் பெரும்பகுதி குறையும். உறிஞ்சிய பையை உடனே பாலித்தீனில் கட்டி வெளியே போடுங்கள்.

பிறகு ஜெல். இமிடாகுளோப்ரிட் 2.15 சதவீதம், ஃபிப்ரோனில் 0.05 சதவீதம் இரண்டும் இங்கே கிடைக்கும். மிளகளவுப் புள்ளியாக, இடுக்கின் வாயிலேயே வையுங்கள். கோடாக இழுக்கக் கூடாது. ஒரே பெரிய உருண்டையும் வேண்டாம், மேல்தோல் காய்ந்ததும் அது வீண். சிறிய புள்ளி நிறைய இடத்தில் என்பதுதான் கணக்கு. சதுர மீட்டருக்கு எத்தனை என்பது டியூப் லேபிளில் போட்டிருக்கும். கூட்டம் அதிகமென்றால் அதில் சொன்ன உச்ச அளவுக்குப் போங்கள். சாப்பாடு படும் பரப்பிலோ, அதற்கு நேர் மேலேயோ ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது.

தின்றது அங்கேயே சாகாது. பொந்துக்குத் திரும்பிக் கழியும், அங்கே சாகும். வெளியே வராத குட்டிகள் அந்தக் கழிவையும் செத்த உடலையும் தின்று சாகும். ஸ்ப்ரே எட்டாத இடத்துக்கு மருந்தைக் கரப்பானே சுமந்து போகிறது. அதனால்தான் ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே, பினாயில், கரப்பான் சாக்பீஸ் எதுவும் படக்கூடாது என்று அடித்துச் சொல்கிறேன். படிந்த நெடிக்கு அது கிட்டேயே வராது. ராத்திரி கழுவுகிற பையனுக்குப் புள்ளிகள் இருக்கும் இடத்தைக் காட்டிவிடுங்கள். அவன் தேய்த்து எடுத்துவிட்டால் காசு தண்ணீரில் போனது.

ஏழாம் நாள் பாருங்கள். தின்று தீர்த்த புள்ளிகளை நிரப்புங்கள், தொடாத புள்ளியை இடம் மாற்றுங்கள். முட்டைப்பையில் இருந்தவை பொரிந்து வெளிவரும் என்பதால் இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு சுற்று கட்டாயம். முழுக்க அடங்க ஆறு முதல் எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பகலில் தள்ளாடிக்கொண்டு நாலைந்து வெளியே வரும். அதைப் பார்த்து யாராவது ஸ்ப்ரே டப்பாவை எடுத்தால் எல்லாம் கெட்டது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு மருந்துள்ள, வேறு கம்பெனி ஜெல்லுக்கு மாறுங்கள். இனிப்புக் கலந்த ஒரே ஜெல்லை ஆண்டுக்கணக்கில் வைத்தால் அதைத் தொடாத வம்சம் மட்டும் பெருகும். குளுக்கோஸையே வெறுக்கும் ஜெர்மன் கரப்பானை அமெரிக்க ஆய்வாளர்கள் 1993-லேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

கடையை அடைக்கத் தேவையில்லை. எல்லாமே 11 மணிக்கு மேல் செய்கிற வேலை.

---

ஈரோடு_டிபன்

ரொம்ப நன்றிங்க. மூணு சந்தேகம். தோசைக்கல் பக்கம்தான் அதிகம்னு மாஸ்டர் சொல்றாரு, அங்க ஜெல் உருகிடாதா? ஸ்விட்ச் பாக்ஸுக்குள்ள எப்படி வெக்கறது? பேக்கரிக்காரர் ஒண்ணுமே பண்ணலைன்னா நாங்க மட்டும் பண்ணி என்ன பிரயோஜனம்?

---

கிச்சன்_டார்ச்

கையை வைத்தால் சுடும் தகட்டில் வைக்காதீர்கள், உருகி வழியும் அல்லது ஒரே நாளில் காய்ந்து சருகாகும். கரப்பானும் அந்தச் சூட்டில் தங்காது. அது இருப்பது வெதுவெதுப்பான இடத்தில், அதாவது அடுப்பு ஸ்டாண்டின் கால், கேஸ் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை, பின்சுவர் டைல்ஸ் இடுக்கு. புள்ளியும் அங்கேதான்.

ஸ்விட்ச் பாக்ஸுக்கு மெயினை அணைத்துவிட்டு, மூடியின் உள் ஓரத்தில் இரண்டு சிறு புள்ளி. ஒயர், டெர்மினல் பக்கம் வேண்டாம். மேசைக் குழாய்க்குள் ஜெல் வைத்த பிறகு பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்துவிடாதீர்கள். முதலில் உள்ளே இருப்பது செத்து ஓயட்டும், இரண்டாம் சுற்றுக்குப் பிறகு மூடி. சுவரின் உள்ளே எப்போதும் உலர்ந்தே இருக்கிற வெற்றிடம் ஏதாவது இருந்தால் போரிக் ஆசிட் தூளைப் புகை படிந்தாற்போல் மெல்லியதாக ஊதிவிடலாம். குவியலாகப் போட்டால் கரப்பான் சுற்றிக்கொண்டு போகும். ஈரம் பட்டாலும் பயனில்லை.

பேக்கரிச் சுவர் பற்றி: பொதுச் சுவரில் குழாயும் ஒயரும் கடக்கும் ஓட்டைகளை எல்லாம் சிமென்ட் அல்லது சிலிகான் வைத்து அடையுங்கள். அந்தச் சுவரை ஒட்டி நிரந்தரமாக நாலு ஒட்டு அட்டை இருக்கட்டும். எண்ணிக்கை அங்கே மட்டும் ஏறினால் அவரிடம் அட்டையையே கொண்டுபோய்க் காட்டலாம். உண்மையில் பேக்கரியைவிட அதிகம் கொண்டு வருவது நீங்கள் வாங்கும் சரக்குதான். அட்டைப்பெட்டி, கோணிச் சாக்கு, கூல்டிரிங்க்ஸ் கிரேட். அட்டையின் நெளிவுக்குள் முட்டைப்பையோடு ஒரு பெண் கரப்பான் வந்தால் போதும். வாசலிலேயே பிரித்து உங்கள் பிளாஸ்டிக் கிரேட்டுக்கு மாற்றுங்கள், காலி அட்டை அன்றைக்கே வெளியே போகட்டும். பழைய அட்டைப்பெட்டியைத் தரையில் விரித்து வழுக்காமல் நடக்கிற வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

ராத்திரி தண்ணீர். சாப்பாடு இல்லாமல் ஜெர்மன் கரப்பான் நாலைந்து வாரம்கூடத் தாங்கும், தண்ணீர் இல்லாமல் இரண்டு வாரம்தான். கடைசியாகப் போகிறவர் சிங்க்கைத் துடைத்து உலர்த்தி, மாப்பைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, கிரைண்டர் அடியில் தேங்கியதைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது ஜெல்லைவிட மலிவு.

---

வடபழனிவாசி

கரப்பான் பத்தி மேல சொன்னது போதும். எலி பத்தி நான் சொல்றேன்.

சீலிங் மேல கேக் வைக்காதீங்க. கடைல கிடைக்கிற எலி கேக் பெரும்பாலும் புரோமாடியோலோன் 0.005 சதவீதம். ரத்தம் உறையவிடாமப் பண்ணி மெல்லக் கொல்ற மருந்து. தின்ன எலி சாக மூணு நாலு நாள் ஆகும், எங்க போய்ச் சாகும்னு சொல்ல முடியாது. ஃபால்ஸ் சீலிங்க்கு உள்ள செத்தா கீழ சாப்பிடறவங்க தலை மேல நாத்தம், அப்புறம் நீல ஈ, அப்புறம் புழு. சமையல் நடக்கிற இடத்துக்குள்ள எலி விஷமே கூடாது. வெளிய, சேம்பர் பக்கம் வைக்கணும்னா பூட்டுப் போட்ட பெட்டிக்குள்ள, தரையோட கட்டி வைக்கணும், நாயும் குழந்தையும் தொட முடியாதபடி. வைட்டமின் கே1தான் அதுக்கு மாத்து மருந்து. பெட்டி மேல மருந்துப் பேரை எழுதி வைங்க, ஏதாவது ஆனா டாக்டர் கேக்கற முதல் கேள்வி அதுதான்.

மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட் தொடவே தொடாதீங்க, அதுக்கு மாத்து மருந்தே கிடையாது. புகையற மாதிரி, பொடி தூவற மாதிரி மருந்தை மூடின இடத்துல யாரு வைக்கிறேன்னு வந்தாலும் வேண்டாம்னு சொல்லுங்க. 2024 நவம்பர்ல குன்றத்தூர்ல வீட்டுக்குள்ள வச்ச எலி மருந்தோட நச்சுக் காத்துல ரெண்டு குழந்தைங்க இறந்துச்சு. ஏசி ஹால் இருந்தா இன்னும் ஜாக்கிரதை.

முதல்ல எந்த எலின்னு பாருங்க. சீலிங் மேல ஓடுதுன்னா வீட்டெலியா இருக்கத்தான் வாய்ப்பு, நல்லா ஏறும், வால் உடம்பை விட நீளம். புழுக்கை ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, ரெண்டு முனையும் கூரா இருக்கும். அரிசி அளவுக்குச் சின்னதா இருந்தா சுண்டெலி. சேம்பர் பக்கம் மண்ணைக் குவிச்சு வளை தோண்டியிருந்தா பெருச்சாளி. நீட்டு மூக்கோட, கீச் கீச்னு கத்திக்கிட்டு, ஒரு கெட்ட வாசனையோட சுவரோரமா ஓடினா அது மூஞ்சூறு. அது எலியே இல்ல, பூச்சி தின்னி. தானியத்துல செஞ்ச கேக்கை அது சீந்தாது. கரப்பான் குறைஞ்சா அதுவும் தானா குறையும்.

வழியை அடைக்கிறதுதான் முக்கால்வாசி வேலை. பென்சில் நுழையற ஓட்டைல சுண்டெலி வரும், கட்டைவிரல் நுழைஞ்சா எலி வரும். பகல்ல உள்ள நின்னு எல்லா லைட்டையும் அணைங்க, வெளிச்சம் எங்கெல்லாம் கசியுதோ அங்கெல்லாம் வழி. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, ஏசி பைப் போற ஓட்டை, ஷட்டர் ரெண்டு ஓரம், சிங்க் குழாய் சுவருக்குள்ள போற இடம், மாடில கேபிள் ஒயர் இறங்கற இடம். ஓட்டைல ஸ்டீல் நாரைத் திணிச்சு மேல சிமென்ட் பூசுங்க. ஃபோம் மட்டும் அடிச்சா ஒரே ராத்திரில கடிச்சுரும். எக்ஸாஸ்டுக்கு 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) வலை, மாசம் ஒரு தடவை கழட்டிப் பிசுக்கு எடுக்கிற மாதிரி ஸ்க்ரூவுல. பின்கதவு மரமா இருந்தா கீழ ஒரு அடி உயரத்துக்குத் தகடு அடிங்க, தரைக்கும் கதவுக்கும் நடுவுல 6 மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி இருக்கக் கூடாது.

அடைக்கிற அன்னைக்கே உள்ள பொறியும் வைக்கணும். இல்லன்னா உள்ள மாட்டினது வெளிய போக வழியில்லாம ஒயரைக் கடிக்கும்.

ஸ்ப்ரிங் விட்டு அடிச்சுக் கொல்ற பொறிதான் நல்லது. ஒண்ணு ரெண்டு வச்சு மாசக்கணக்கா காத்திருக்கிறது வேலைக்கு ஆகாது, ஒரே சமயத்துல பத்துப் பன்னெண்டு வைங்க. வீட்டெலி புதுப் பொருளைக் கண்டா நாலஞ்சு நாள் பக்கத்துல வராது. அதனால முதல் நாலு ராத்திரி பொறியை இழுத்து மாட்டாம சும்மா தீனி மட்டும் வைங்க. தின்னுப் பழகினதும் அஞ்சாம் ராத்திரி எல்லாத்தையும் ஒண்ணா மாட்டுங்க. சுவருக்குக் குறுக்கா, தீனி வைக்கிற பக்கம் சுவரைப் பார்த்து இருக்கணும், ஏன்னா எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். தீனிக்கு சுட்ட தேங்காய்ச் சில்லு, மசால்வடை. நூல்ல கட்டி வைங்க, இல்லன்னா தூக்கிட்டுப் போயிரும். ஒட்டுப்பலகை வேண்டாம். துடிச்சுத் துடிச்சு சாகுதுன்னு விலங்கு நல வாரியமே கூடாதுன்னு சொல்லியிருக்கு, அதுபோக அது இழுத்துக்கிட்டு ஹாலுக்கு வந்தா உங்க மானம் போகும்.

புழுக்கையைக் காய்ஞ்சபடி பெருக்காதீங்க. கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து தெளிச்சு, பத்து நிமிஷம் ஊறவிட்டுத் துடைங்க. எலிக்காய்ச்சல் வர்றது அதோட மூத்திரத்துலதான். மாவு மூட்டை ஓரம் கடிச்சிருந்தா மேலாக எடுத்துட்டு மிச்சத்தை யூஸ் பண்ண நினைக்காதீங்க, முழு மூட்டையும் போகட்டும்.

---

நானிட்ராப்

சிங்க் பக்கக் குட்டி ஈயைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். சிறகில் மயிரோடு குட்டி அந்துப்பூச்சி மாதிரி சுவரில் ஒட்டி உட்கார்ந்திருந்தால் சாக்கடை ஈ. கண் சிவப்பாக, வாழைப்பழத்தார், ஜூஸ் பக்கம் மொய்த்தால் பழ ஈ. கூன் விழுந்தாற்போல இருந்து, தொட்டால் பறக்காமல் ஓடினால் அது தரைக்கடியில் குழாய் உடைந்து கழிவு கசிகிறது என்பதற்கு அடையாளம். கடைசி வகைக்கு பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும், எந்த மருந்தும் உதவாது.

எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று பார்க்க எளிய வழி: ராத்திரி வேலை முடிந்ததும் ஒவ்வொரு நானி ட்ராப் (தரையில் தண்ணீர் வடியும் துளை, உள்ளே நீர் நிற்கும் கப்போடு இருக்கும்) வாயிலும் பாதியை மட்டும் மறைத்து, ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி செல்லோடேப் ஒட்டுங்கள். மூன்று இரவு பாருங்கள். ஈ ஒட்டியிருக்கும் குழாய்தான் வளர்ப்பிடம்.

அங்கே பிளீச் ஊற்றிப் பிரயோஜனமில்லை. குழாயின் உள்சுவரில் கொழகொழவென்று படிந்த சளிக்குள் புழு இருக்கிறது, பிளீச் அதன் மேலாக ஓடிப் போய்விடும். மேலே உள்ள ஜாலியை (சல்லடை மூடி) கழற்றி, கப்பை வெளியே எடுத்து, நீளக் காம்பு உள்ள பிரஷால் ஓர் அடி ஆழம் வரை தேய்த்துச் சளியைப் பெயர்த்து எடுக்க வேண்டும். பிறகு வெந்நீர், அதன்பின் என்சைம் கிளீனர் ராத்திரி முழுக்க நிற்கட்டும். ஒரு வாரம் தினமும், பிறகு வாரம் ஒரு முறை. கொதிக்கிற வடிகஞ்சியை அப்படியே ஊற்றுகிற வழக்கத்தை நிறுத்துங்கள். பிவிசி குழாய் நெளியும், கஞ்சி படிந்து புழுவுக்குத் தீனியாகும்.

பெரிய கரப்பானும் இதே வழியில்தான் வருகிறது. நானி ட்ராப்பில் தண்ணீர் நின்றால் அது வராது. கப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீர் சீக்கிரம் போகட்டும் என்று விட்ட கடைகள் ஏராளம், உங்களுடையதையும் பாருங்கள். புழங்காத குழாயில் வாரம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள், நீர் வற்றினால் வழி திறந்துவிடும். பின்னாலுள்ள சேம்பர் மூடியின் விளிம்பை அடைப்பது, உள்ளே மருந்து அடிப்பது இரண்டும் பெஸ்ட் கன்ட்ரோல்காரர் செய்யலாம். ஸ்ப்ரேக்கு நியாயமான இடம் அந்தச் சேம்பர் ஒன்றுதான்.

வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்க வெயில் காலத்தில் ஏழு முதல் பத்து நாள். எச்சில் இலைத் தொட்டியை தினமும் காலி செய்து கழுவினால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வண்டல்தான் அதன் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி, அதைச் சுரண்ட மறக்காதீர்கள். நீல விளக்கு மெஷின் மாட்டுவதாக இருந்தால் ஒட்டு அட்டை வைத்ததை வாங்குங்கள். ஷாக் அடித்துப் பொரிக்கும் வகை சமையலறைக்கு ஆகாது, ஈயின் துண்டுகள் தெறிக்கும். தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரம், சமைக்கும் மேசைக்கு மேலே கூடாது, தெருவிலிருந்து விளக்கு தெரியும்படி மாட்டினால் வெளியே போகிற ஈயையும் கூப்பிட்டு உள்ளே விடும். டியூபை வருஷம் ஒரு முறை மாற்றுங்கள். எரிவதுபோலத் தெரிந்தாலும் ஈயை இழுக்கும் கதிர் குறைந்துபோயிருக்கும்.

பல்லி வருவது விளக்குக்கு வரும் பூச்சியைத் தின்ன. மயிலிறகு, முட்டை ஓடு எல்லாம் சும்மா. அண்டாவுக்கு நேர் மேலே இருக்கும் டியூப் லைட்டை நகர்த்துங்கள், பாத்திரத்துக்கு மூடி போடுங்கள், மேல்கூரை ஓர இடுக்கை அடையுங்கள்.

---

மெஸ்மேனேஜர்_கோவை

காண்ட்ராக்ட் பற்றி இரண்டு வார்த்தை. வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் அவருக்கு இருக்கும் உரிமத்தின் நகல். அடுத்தது, ஒவ்வொரு தடவையும் என்ன மருந்து, எத்தனை சதவீதம், எங்கே என்று எழுதிய சர்வீஸ் ரிப்போர்ட். பாட்டிலில் லேபிளே இல்லாமல் தண்ணீர் கேனில் கலந்து கொண்டுவந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். லேபிளில் சாய்சதுரத்துக்குள் நிற முக்கோணம் இருக்கும். சிவப்பு மிக நஞ்சு, பிறகு மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பு முக்கோணம் போட்ட எதுவும் கிச்சனுக்குள் வரக்கூடாது. நுவான் என்று பழக்கத்தில் கேட்கிறார்களே, அந்த டைக்குளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை. அரிசி மூட்டைக்குள் வண்டுக்காகப் போடும் அலுமினியம் பாஸ்பைட் மாத்திரையும் நாமே வாங்கிப் போடுகிற சாமான் அல்ல, அதிலிருந்து வருவது ஆளைக் கொல்லும் வாயு.

வண்டுக்கு அது தேவையும் இல்லை. ரவை, மைதா பத்து நாளுக்கு மேல் வராத அளவுக்கு வாங்குங்கள். பழைய மூட்டை தீராமல் புதியதைப் பிரிக்காதீர்கள். டின்னின் அடியில் மிச்சமிருக்கும் பழைய ரவை மேலேயே புதியதைக் கொட்டுவதுதான் வண்டு தீராததற்கு முக்கியக் காரணம். மூட்டைகள் தரையிலிருந்து அரை அடி உயர ஸ்டாண்டில், சுவரை விட்டுத் தள்ளி, பின்னால் டார்ச் அடித்துப் பார்க்க இடம் விட்டு இருக்கட்டும். சர்க்கரைப் பக்கம் எறும்பு வந்தால் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், சில வகைக் கூட்டம் அதற்கே இரண்டு மூன்றாகப் பிரியும். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் ஆசிட் கரைத்துப் பஞ்சில் நனைத்து அதன் பாதையில் வையுங்கள். போரிக் ஆசிடைக் கூட்டினால் எறும்பு கூட்டுக்குக் கொண்டுபோகும் முன்னே செத்துவிடும், கூடு மிஞ்சும்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தால் பார்ப்பது பெஸ்ட் கன்ட்ரோல் பில்லை மட்டும் அல்ல. பொறியும் அட்டையும் எங்கெங்கே என்று எண் போட்ட கிச்சன் வரைபடம், அட்டை எண்ணிக்கை எழுதிய நோட்டு, சர்வீஸ் ரிப்போர்ட், உரிமத்தின் நகல் நான்கும் ஒரே ஃபைலில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். மருந்து டப்பாக்கள் கிச்சனுக்கு வெளியே பூட்டிய அலமாரியில். பழைய எண்ணெய் பாட்டில், ஊறுகாய் ஜாடி எதிலும் மருந்தை மாற்றி ஊற்றி வைக்கவே கூடாது.

---

ஈரோடு_டிபன்

எல்லாருக்கும் நன்றிங்க. இன்னைக்கு ராத்திரி ஒட்டு அட்டை வெக்கறோம். கடைசியா ஒண்ணு: ஃப்ரிட்ஜ் ரப்பர் மடிப்புலயே ஜெல் வெக்கலாங்களா? மாவு உள்ளதான் இருக்கு.

---

கிச்சன்_டார்ச்

ரப்பரில் வேண்டாம், கதவு மூடும்போது நசுங்கி உள்ளே ஒட்டும். மாவை வேறு ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டு ரப்பர் மடிப்பை வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். பழைய டூத் பிரஷும் சோப்பு வெந்நீரும் கொண்டு மடிப்புக்குள் தேய்த்து முழுக்க உலர்த்துங்கள். ஜெல் கீலின் வெளிப்புறத்திலும் பின்னால் கம்ப்ரசர் அறையிலும். ரப்பர் கிழிந்திருந்தால் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் மாற்றச் சொல்லுங்கள். கிழிசல் வழியாகக் குளிர் கசிந்து தண்ணீர் கோத்து நிற்கும், ஜெர்மன் கரப்பான் அங்கே கூடியதற்கு அந்த ஈரமே காரணமாக இருக்கலாம்.